அப்பாவின் மூன்று முத்திரைகள்

கொள்ளேகால் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். மாந்திரீகத்துக்குப் பேர்போன ஊராம். இங்கேயே பிறந்து ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட நான் இதுவரை ஒரு மந்திரவாதியைக்கூட நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கொள்ளேகால் பட்டு நூலும் தறிச் சத்தமும்தான். ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஜெபிப்பவன் இந்த ஊரில் ஒருவனாவது இருந்தான். அது நான்தான். ஜெபித்த இடம் கம்ப்யூட்டர்.

எங்கள் குடும்பத்துக்குப் பட்டுச் சேலைக் கடை. தாத்தா தொடங்கியது. அப்பா பிறந்தது சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்துக்குப் போனது. அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் உண்டாக்கினார்கள். வீடும் கடையும் நகரவில்லை. ஆனால் விலாசம் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. அதனால் கல்லாப்பெட்டி மேஜையின் இழுப்பறையில் மூன்று ரப்பர் முத்திரைகள் கிடக்கின்றன: கோயமுத்தூர் ஜில்லா, மைசூர் ஜில்லா, சாமராஜநகர் மாவட்டம். பழைய இரண்டையும் தூக்கிப் போட அப்பாவுக்கு மனம் வருவதில்லை. ஏதோ பழைய பாசம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வாங்கி வெகு காலமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் வேண்டாம் என்று அதில் லினக்ஸ் போட்டிருக்கிறேன், டெபியன் என்ற வகை. பில் போடுவது, கணக்கு எழுதுவது, வங்கியில் பணம் அனுப்புவது எல்லாம் அதில்தான். கடையின் நடப்புக் கணக்கை வேறு எந்தக் கருவியிலும் திறக்கக் கூடாது என்பது அப்பா போட்ட விதி. எண்பது வயதிலும் விதி போடுவதை அவர் விடவில்லை.

2025 ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாண சீசன். மறுநாள் சனிக்கிழமை நெசவாளர்களுக்குக் கூலி நாள். காலையில் முதல் பில் போட்டதும் அப்பா அதைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"ஏன்டா, நேத்து தறியிலிருந்து இறக்கின சேலைக்கு ரெண்டு வருஷம் முந்தின தேதி போட்டிருக்கே?"

பார்த்தேன். 2023 என்று அச்சாகியிருந்தது. "பிரிண்டர் ஏதோ கோளாறுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனமான திருத்தங்களில் அது ஒன்று.

மதியம் கூலிப் பணம் அனுப்ப வங்கியின் பக்கத்தைத் திறந்தால் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கை வந்தது. பிரௌசர் பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணினேன். ஆறு மாதமாக எதையும் புதுப்பிக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. சரி, மொத்தமாக அப்டேட் செய்துவிடலாம் என்று கட்டளை கொடுத்தேன். வரிசையாகப் பிழைச் செய்திகள். வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லையாம். களஞ்சியத்தை நம்ப முடியாதாம். பாதுகாப்பாகப் புதுப்பிக்க வழியில்லையாம். அதனால் வேலை நிறுத்தம்.

இந்த இடத்தில் லினக்ஸ் தெரியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். லினக்ஸில் புது மென்பொருள் பேக்கேஜ் என்ற பொட்டலங்களாக வருகிறது. உலகமெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் சர்வர்களில் அவற்றின் நகலை வைத்திருக்கின்றன. எந்த நகலிலிருந்து பொட்டலம் வந்தாலும், வழியில் யாரும் பிரித்து வேறு சரக்கை வைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் டிஜிட்டல் கையொப்பம். டெபியனில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாகக் கையெழுத்து இல்லை. எல்லாப் பொட்டலங்களின் அடையாள எண்களும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் அடையாள எண் இன்னொரு கோப்பில் இருக்கும். அந்தக் கடைசிக் கோப்பில்தான் கையொப்பம். ஒரு பொட்டலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கையொப்பம் போட ஒரு ரகசியச் சாவி, சரிபார்க்க ஒரு பொதுச் சாவி. முன்னது போடுபவரிடம் மட்டும் இருக்கும். பின்னது நம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும். 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கருத்து இது. 1991-ல் ஃபில் ஸிம்மர்மன் இதைச் சாதாரண மனிதர்களும் பயன்படுத்தும் மென்பொருளாக்கி வெளியிட்டார். ஆயுதத்தை ஏற்றுமதி செய்ததுபோல அமெரிக்க அரசு அவரை மூன்று வருடம் விசாரித்து, 1996-ல் கைவிட்டது. அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளை ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதினார். அதன் முதல் முழுப் பதிப்பு 1999-ல் வந்தது. 2007-ல் வெளியான டெபியன் 4.0 முதல், புதுப்பிக்கும்போது கையொப்பத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாளைக்குக் கூலி கொடுக்க வேண்டும், மணி மூன்றாகிவிட்டது என்பதுதான். கைபேசியில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு வரி கொடுத்திருந்தார். முதல் வரி, தேதியைப் பார்க்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. இரண்டாவது, இந்தக் களஞ்சியத்தை அப்படியே நம்பு, கையொப்பம் கேட்காதே என்பது. அந்த இரண்டாவது வரி எனக்குப் புதிதல்ல. மூன்று வருடம் முன்னால் ஹனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் 12 கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அங்கேயும் கையொப்பப் பிழை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இதே வரியை 12 கம்ப்யூட்டர்களிலும் தட்டிவிட்டு வந்தேன். பிழை மறைந்தது. தலைமை ஆசிரியர் கை குலுக்கி டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போதும் தட்டப் போனேன். அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன எழுதறே?"

"கையெழுத்து பொருந்தலைன்னு தகராறு பண்ணுதுங்கப்பா. கையெழுத்தைப் பாக்காதேன்னு சொல்லப் போறேன்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். "கடையில வங்கிக் கணக்கு இருக்கிற மிஷினுக்கா?"

அப்புறம் அவர் சொன்ன கதை எனக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். நான் சிறுவனாக இருந்தபோது நடந்தது. வெளியூர் வியாபாரி ஒருவரிடம் அப்பா ஜரிகை வாங்கினார். கட்டின்மேல் முத்திரை பளிச்சென்று இருந்தது. எப்போதும் ஓர் இழையை உரசிப் பார்ப்பவர், அன்றைக்குக் கூட்டம் என்று விட்டுவிட்டார். அந்த ஜரிகையில் நெய்த சேலைகள் சில மாதங்களில் கறுத்தன. வெள்ளி இழையில்லை, செம்புக் கம்பி. அதில் ஒன்று ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. அந்தக் குடும்பத்தார் சண்டை போடவில்லை. சேலையை மடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். விற்ற சேலைகளை எல்லாம் தேடித் தேடி அப்பா திரும்ப வாங்கினார். அம்மாவின் இரண்டு வளையல்கள் அந்த வருடம்தான் போயின.

"அவன் ஏமாத்தினது பெரிசில்லைடா. பாக்கிற வேலையை நான் விட்டேன் பாரு, அதுதான் இன்னிக்கும் உறுத்துது."

மந்திரத்தை அழித்தேன். ஒரு காகிதத்தை எடுத்துப் பிழைச் செய்தியை ஒழுங்காக ஒரு முறை படித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள், அதுவரை நான் அதைப் படிக்கவே இல்லை. கோப்பு "இன்னும்" செல்லுபடியாகவில்லை என்றது அது. இத்தனை நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்று நாள்கணக்கும் சொன்னது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு வருடம். அதாவது எதிர்காலத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது. காலையில் அப்பா காட்டிய பில் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிரிண்டர் மேல் பழியில்லை. கம்ப்யூட்டரின் கடிகாரமே 2023-ல் நின்றுகொண்டிருந்தது. வங்கியின் சான்றிதழும் அதனால்தான் செல்லாமல் போயிருக்கிறது. இன்னும் தொடங்காத சான்றிதழ்!

கம்ப்யூட்டரின் உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், இரவில் மெயின் சுவிட்சை அணைத்ததும் நேரம் தொலைந்துவிடும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு லினக்ஸில் இருக்கிறது. ஏதோ ஒரு நாள் எதையோ நோண்டும்போது அதை நானே நிறுத்தி வைத்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகே கைக்கடிகாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் பேட்டரி கிடைத்தது. மாற்றி, நேரம் வைத்து, நிறுத்திய ஏற்பாட்டையும் ஓடவிட்டேன். வங்கிப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. கூலிப் பணம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வரி மந்திரம் போட்டிருந்தால் பிழைச் செய்தி மட்டும்தான் மறைந்திருக்கும். கடிகாரம் தப்பாகவே ஓடியிருக்கும்.

டெபியன் களஞ்சியத்தின் தகராறும் தீர்ந்தது. ஆனால் ஒரு பிழை மிச்சம் இருந்தது. பிரௌசருக்காக ஒரு வெளி நிறுவனத்தின் களஞ்சியத்தைத் தனியாகச் சேர்த்திருந்தேன். அதற்கு மட்டும் "நோ பப்கீ" என்று வந்தது. கையொப்பம் இருக்கிறது, சரிபார்க்கும் பொதுச் சாவி என்னிடம் இல்லை என்று அர்த்தம்.

கையொப்பப் பிழைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். சாவி இல்லை என்பது ஒரு வகை. "எக்ஸ்ப் கீ சிக்" என்று வந்தால் சாவி காலாவதியாகிவிட்டது. டெபியன் தன் சாவிகளுக்கு எட்டாண்டு போல ஆயுள் வைக்கிறது. வெகு நாள் தூங்கிய கம்ப்யூட்டரில் பழைய சாவிக்கொத்துதான் இருக்கும். லாட்ஜிலோ ரயில் நிலையத்திலோ வைஃபையில் புதுப்பித்தால், கேட்ட கோப்புக்குப் பதிலாக உள்நுழையச் சொல்லும் பக்கம் வந்து நிற்கும், அதையும் கம்ப்யூட்டர் கையொப்பக் கோளாறு என்றே சொல்லும். இவையெல்லாம் பயப்படத் தேவையில்லாத ரகம். "பேட் சிக்" என்பது வேறு. சாவி இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது, ஆனால் உள்ளே உள்ள சரக்கு கையெழுத்திட்ட சரக்கு இல்லை. பாதியில் அறுந்த டவுன்லோடாகவும் இருக்கலாம், யாராவது கை வைத்ததாகவும் இருக்கலாம். பழையதை அழித்து, வேறொரு நகலிலிருந்து இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை.

என் பிழைக்குக் காரணம், அந்த நிறுவனம் சாவியை மாற்றியிருந்தது. புதுச் சாவி என்று இணையத்தில் ஒன்று கிடைக்கிறது. அது அவர்களுடையதுதானா?

"இதுக்கென்ன?" என்றார் அப்பா. இழுப்பறையைத் திறந்து முத்திரைகளை எடுத்து வைத்தார். "56-ல விலாசம் மாறினப்போ தாத்தா என்ன பண்ணினாரு தெரியுமா? சேலம், ஈரோடு, பெங்களூருன்னு எல்லா வியாபாரிக்கும் கார்டு போட்டாரு. ஒவ்வொரு கார்டுலயும் பழைய முத்திரை ஒண்ணு, பக்கத்துல புது முத்திரை ஒண்ணு. இனிமே இதுதான் செல்லும்னு எழுதி. பழைய முத்திரை தெரிஞ்சவனுக்குப் புதுசு மேல சந்தேகம் வருமா? 97-ல நானும் அதையேதான் பண்ணினேன்."

நான் வாயடைத்துப் போனேன். டெபியன் செய்வது அதுதான். புதுச் சாவி அடங்கிய கொத்தை, பழைய சாவி இன்னும் செல்லுபடியாகும்போதே, அதன் கையொப்பத்துடன் அனுப்பிவிடுகிறார்கள். காலாகாலத்தில் புதுப்பித்து வருபவருக்குச் சாவி மாறியதே தெரியாது. என்னைப் போல் ஆறு மாதம் தூங்குபவர்கள்தான் கார்டைத் தவறவிடுகிறோம். பழைய முத்திரையே தொலைந்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் காலி லினக்ஸ் குழுவினர், களஞ்சியத்தில் கையொப்பமிடும் சாவியைத் தாங்கள் இழந்துவிட்டதாக அறிவித்தார்கள். திருடு போகவில்லை, கைக்கு எட்டாமல் போய்விட்டது. பழையது புதியதற்குச் சாட்சி சொல்ல முடியவில்லை. அதைப் பயன்படுத்துவோர் எல்லோரும் புதுச் சாவியைத் தாங்களே இறக்கிப் போட வேண்டியதாயிற்று.

என் நிலையும் அதுதான். சாட்சிக்கு வேறு வழி தேட வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் 40 எழுத்துகள் கொண்ட கைரேகை ஒன்று உண்டு. ஈரோட்டில் இருக்கும் அத்தை மகனைக் கூப்பிட்டேன். அவன் வேறு ஊர், வேறு இணைப்பு. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கைரேகையை அவன் அங்கே பார்த்துச் சொல்ல, இங்கே நான் இறக்கிய சாவியின் கைரேகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே பொய்யைச் சொல்வது கஷ்டம்.

போனை அப்பா வாங்கிக்கொண்டார். சரக்கு எண்ணும்போது கடையில் ஒருவர் கூப்பிடுவார், மற்றவர் டிக் அடிப்பார். அறுபது வருடப் பழக்கம்.

"சொல்லு மாப்ளே. மெதுவா."

"நாலு நாலா சொல்றேன் மாமா, எழுதிக்குங்க. மொத்தம் பத்துக் கட்டு."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அப்பா எழுதினார். "பி"யா "டி"யா என்று இரண்டு இடத்தில் தகராறு. ஏழாவது கட்டில் ஓர் எழுத்து பொருந்தாமல் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்பக் கேட்டதில் மாப்பிள்ளை வாசித்ததில்தான் தப்பு. பத்தும் பொருந்தின. அப்பா கீழே கோடு போட்டுத் தேதி எழுதினார். சரியான தேதி. அப்டேட் ஓடியது.

கையொப்பம் இருந்தால் எல்லாம் சுகம் என்று எழுதி முடிக்க ஆசைதான். உண்மை அவ்வளவு எளிதில்லை. 2008 ஆகஸ்டில் ரெட் ஹாட் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் நுழைந்த யாரோ, சில பொட்டலங்களுக்கு நிறுவனத்தின் கையொப்பத்தையே போடவைத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் வெளியான செய்தி இன்னும் மோசம். 'எக்ஸ் ஸெட்' என்ற சின்ன மென்பொருளுக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பொறுப்பு கைக்கு வந்ததும் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்தார். டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகள் வரை அது போய்விட்டது. கையொப்பங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு கம்ப்யூட்டரில் நுழைய அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஓர் இழையை உரசிப் பார்த்தவர் என்று அப்பா பாஷையில் சொல்லலாம்.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. 2004-ல் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் சில்க் மார்க் வந்தது. சேலையில் அந்தச் சீட்டு இருந்தால் பட்டு சுத்தம் என்று பொருள். ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொள்வது நம் தப்பு. கையொப்பம் சொல்வது இதுதான்: இன்னார் அனுப்பியது, வழியில் யாரும் தொடவில்லை. இன்னார் நல்லவரா என்று அது சொல்லாது. அதற்காக அதையும் பார்க்காமல் விட்டால், இன்னார் யார் என்றே தெரியாமல் போய்விடும்.

ஹனூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டெபியனை இறக்கி, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தலைமை ஆசிரியர் வந்து கதவைத் திறந்துவிட்டார். கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வருடம் முன்னால் பூட்டுப் போடாமல் போய்விட்டேன், மேஷ்ட்ரே, மன்னிக்க வேண்டும்.

"ஏதாவது திருடு போயிருக்கா?" என்றார்.

"தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க வழியில்லாம பண்ணிட்டேன், அதுதான் தப்பு."

அந்த ஒரு வரியை மட்டும் அழித்தால் போதாது. மூன்று வருடமாகச் சரிபார்க்காமல் உள்ளே வந்தது எது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளின் கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு 12 கம்ப்யூட்டர்களையும் துடைத்து, முதலிலிருந்து போட்டேன். அன்றைக்கு ஏழு முடிந்தன, அடுத்த ஞாயிறு ஐந்து. முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றில் பேட்டரி செத்திருந்தது. இந்தத் தடவை தலைமை ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்தபோது கூச்சமில்லாமல் குடித்தேன்.

பில் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அப்பா கிழித்து எடுத்து வைத்திருக்கிறார். 40 எழுத்துகள், கீழே கோடு, தேதி, ஓரத்தில் சாமராஜநகர் மாவட்ட முத்திரை. இழுப்பறையில், பழைய முத்திரைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த நிறுவனம் அடுத்த முறை சாவி மாற்றும்போது எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.